வாயில் பின் இருந்ததா

டோயல் பிளாட் என்பவன் பல்லில் பின்னைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒகிச்சோபி ஏரியின் மேற்குக் கரையில் முதலை பிடிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். கொடுத்தாலும் பதில் வராது. கண்ணை மட்டும் உருட்டுவான்.

பேங் ஸ்டிக் என்பது கடைக்காரர்கள் சொல்லும் பெயர். எங்களுக்கு அது வெறும் கோல். ஆள் உயரக் கம்பு, அதன் தலையில் விரல் நீளத்தில் ஒரு குழல், குழலுக்குள் ஒற்றைத் தோட்டா. துப்பாக்கி மாதிரி விசை கிடையாது. குழலின் வாய் எதன் மேலாவது பட்டு அழுந்தினால் குழல் பின்னால் நகரும், உள்ளே இருக்கும் முள் தோட்டாவின் பின்புறத்தில் குத்தும், வெடித்துவிடும். அழுந்தினது முதலையின் பிடரியா, படகின் தரையா, பக்கத்தில் நிற்பவனின் முட்டியா என்றெல்லாம் அது பார்க்காது. குழல் நகராமல் தடுத்து நிறுத்துவது குறுக்கே செருகியிருக்கும் ஒரு கம்பித் துண்டு. அதைத்தான் பின் என்கிறேன்.

கோல் பிடிக்கிறவன் பின்னை உருவியதும் முன்பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. படகில் இருக்கும் இன்னொருவனுக்கு அது போதும். வாயில் கம்பி மின்னினால் கோல் உயிரோடு இருக்கிறது, தள்ளி நில். வாய் காலியாக இருந்தால், அதிலும் வாய் திறந்து பேசினால், பின் கோலுக்குள் இருக்கிறது, பயமில்லை. கோல் பிடிக்கிறவனுக்கும் அதில் ஒரு நன்மை உண்டு. இரும்பு நாக்கில் உறைத்துக்கொண்டே இருப்பதால், பின்னைத் திரும்பச் செருகிவிட்டுத்தான் கோலைக் கீழே வைக்க வேண்டும் என்பது அவனுக்கு மறக்காது.

என் பெயர் யூலா. கால்வாய் ஓரத்தில் முதலை உரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறேன். டோயல் டயப்பர் கட்டிக்கொண்டு திரிந்த காலத்திலிருந்து அவனை எனக்குத் தெரியும், அதனால் அவனை 'அவன்' என்றுதான் சொல்வேன். அவன் தங்கை வெல்டாவைக் கட்டிக்கொண்டவன் ஹாய்ட். மச்சானும் மச்சானும் ஒரே படகில் வேலை. யார் வீட்டுக் கொல்லைக் குளத்திலாவது முதலை வந்து நாய்க்குட்டியை முறைத்தால் அரசாங்கம் போன் செய்வது இவர்களுக்குத்தான்.

டோயல் கோலை வைத்துக்கொள்ளும் அழகைப் பார்த்தால், இவன் பெண்டாட்டியை இப்படி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் என் கொட்டகை மேசையில் குழலைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைப்பான். முள்ளின் முனையில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதையும் துடைத்துவிடுவான், ஏனென்றால் எண்ணெய் கசிந்து தோட்டாவுக்குள் போனால் மருந்து செத்துவிடும். தோட்டாவின் பின்புறத்தில் தண்ணீர் புகாமல் இருக்க நெயில் பாலிஷ் தடவுவான். அவன் மனைவி ரேனெலின் பாலிஷ், பளீர்ச் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரும்போது அவன் கட்டைவிரல் நகமும் சிவந்திருக்கும், நாங்கள் விடமாட்டோம்.

"என்ன டோயல், இன்னொரு கைக்கும் போட்டுக்க வேண்டியதுதானே?"

"உங்க கைக்குப் போட்டா முதலை பயந்து ஓடிரும் மிஸ் யூலா."

இப்படித்தான் இருந்தான். வாய் அதிகம், ஆனால் வேலையில் அப்பழுக்கு இல்லை.

முன்பு கோலை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். ஒரு முறை முதலையின் வால் சுழன்று ஹாய்ட்டின் முகத்தில் அறைந்தது. மேல்வரிசை மொத்தமும் போய், பல் செட்டு வைத்துக்கொண்டான். டோயலுக்கு அது நல்ல பிடியாகக் கிடைத்தது. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தான். "மச்சான், சோளக் கதிரு உனக்கு உதிர்த்துத் தரவா, அரைச்சுத் தரவா?" என்பான். பிறகு அதையே சட்டமாக்கிவிட்டான். செட்டுப் பல்லால் பின்னைக் கடிக்க முடியாது, வழுக்கும், ஆகவே பல் இல்லாதவன் கையில் கோல் கிடையாது. ஹாய்ட் சாது. சரி மச்சான் என்று கயிறுக்கும் மோட்டாருக்கும் போய்விட்டான். மனதுக்குள் அவனுக்கு வருத்தம்தான். கோல் பிடிப்பதில் டோயலைவிட அவன்தான் நிதானமானவன் என்று வெல்டா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இதற்கு மேல் நடந்தது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. ரேனெல் பின்னால் சொன்னாள்.

டோயலின் ஈறு அழுக ஆரம்பித்தது. புகையிலை ஒரு பக்கம், குடம் குடமாகக் குடிக்கும் சர்க்கரை டீ ஒரு பக்கம். ரேனெலின் அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவுக்குப் போய், அங்கே மேல்வரிசையைப் பிடுங்கி செட்டு வைத்துக்கொண்டு வந்தான். வெள்ளையாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, பழைய பல்லைப் போலவே கொஞ்சம் மஞ்சளாக, ஒன்று கோணலாக இருக்கும்படி சொல்லிச் செய்துகொண்டானாம். மருத்துவர் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பின்னைக் கடித்துப் பார்த்திருக்கிறான். முன்பல்லால் கடித்ததும் செட்டு பின்பக்கம் தூக்கிக்கொண்டு தொட்டியில் விழுந்தது. வாசலில் நின்ற ரேனெல் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போய் ஹாய்ட்கிட்ட சொல்லிருங்க. அவரும் சிரிப்பாரு, அதோட முடிஞ்சுது," என்றாள்.

"சொன்னா? நான் போட்ட சட்டத்தை என் மூஞ்சியிலயே அடிப்பான். அப்புறம் கோலை யாரு பிடிக்கிறது, நீயா?"

"பின்னை அந்தக் கோல்லயே ஒரு கயித்துல கட்டித் தொங்க விடுங்களேன்."

"அதெல்லாம் டவுன்லருந்து வர்றவன் செய்யறது."

பல்லுக்குப் பதிலாக உதட்டால் இறுக்கிக்கொள்ளப் பழகினான். முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் ஹாய்ட்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சில வேட்டைகள் அப்படியே ஓடின.

அந்தக் காலை, ஓய்வுபெற்றவர்கள் குடியிருக்கும் காலனிக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் ஒரு பெரிய முதலை. ஹாய்ட் கயிற்றை இழுத்துப் படகின் விலாவோடு அதை அணைத்துவிட்டான். டோயல் கோலைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டித் தோட்டாவைப் போட்டான், குழலைத் திருகினான், பின்னை உருவி உதட்டில் வைத்தான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. முதலை உருண்டது. முகமெல்லாம் தண்ணீர். உதட்டிலிருந்து பின் வழுக்கவே, தண்ணீரில் விழுந்துவிடப் போகிறதே என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். உருண்ட வேகத்தில் கயிறு படகின் கொக்கியில் முறுக்கிக்கொண்டு படகு சாய்ந்தது. டோயல் கோலைப் பலகை மேல் கிடத்திவிட்டு இரண்டு கையாலும் கயிற்றுக்குப் பாய்ந்தான். பின்னைத் திரும்பச் செருகவில்லை. நாக்கில் இரும்பு இல்லை, அதனால் நினைவும் வரவில்லை.

"கயித்த விடு! கயித்த விடுடா!" என்று கத்தினான்.

ஹாய்ட் திரும்பிப் பார்த்தான். மச்சானின் வாய் குகை மாதிரித் திறந்திருந்தது, உள்ளே கம்பி எதுவும் இல்லை, சத்தமும் வந்தது. அப்படியானால் பின் கோலில் இருக்கிறது. கயிற்றை விட்டான். காலுக்குக் குறுக்கே கிடந்த கோல் தடுக்குமே என்று எடுத்து, ஓரமாக, தலைகீழாக நிறுத்தினான். குழல் படகின் தரையில் ஊன்றவில்லை. அவன் இடது பூட்ஸின் மேல் ஊன்றியது.

பாதத்தின் முன்பாதி போய்விட்டது. குதிகால் மிஞ்சியது. டோயல் தன் பெல்ட்டைக் கழற்றிக் காலைக் கட்டி, படகை ஓட்டி, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினான். அதை நான் மறுக்க மாட்டேன். அன்றைக்கு அவன் காட்டிய வேகத்தால்தான் ஹாய்ட் உயிரோடு இருக்கிறான்.

தப்பு நடந்தது மருத்துவமனையில். காலில் நடந்தது விபத்து. கட்டிலில் நடந்ததைத்தான் நான் தப்பு என்கிறேன்.

ஹாய்ட் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தான். ஒரு பக்கம் வெல்டா, ஒரு பக்கம் டோயல். நாக்குத் தடித்துப் போய்க் கேட்டான்.

"மச்சான், உன் வாயில பின் இருந்துச்சா?"

டோயல் தங்கையைப் பார்த்தான். வெல்டாவின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"இருந்துச்சு மச்சான்."

"நான் பாத்தேனே. காலியா இருந்த மாதிரி இருந்துச்சே."

"இருந்துச்சு."

"கயித்த விடுன்னு கத்துனியே?"

"வாயில பின்ன வச்சிக்கிட்டு எப்படிக் கத்துவேன்? நான் பேசவே இல்ல மச்சான். நீ தூங்கு."

அவ்வளவுதான் பேச்சு. அப்போது வெல்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான் என்று ரேனெல் சொல்கிறாள். இருக்கலாம். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும், அதற்கு மறுநாள் அதைவிடக் கஷ்டம்.

ஹாய்ட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பொய்யின் விஷம் புரியும். அவன் அப்பா ஏமஸ் கிழவருக்குக் கடைசிக் காலத்தில் புத்தி கலங்கிவிட்டது. யாரும் பேசாதபோது பதில் சொல்வார். செத்துப்போன மனைவி சமையலறையில் நிற்கிறாள் என்று தட்டை நீட்டுவார். ஹாய்ட்தான் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டவன். அந்த வியாதியைவிட அவனுக்குப் பெரிய பயம் உலகத்தில் கிடையாது. இப்போது அவனே, இல்லாத ஒன்றைக் கண்ணால் பார்த்து, பேசாத பேச்சைக் காதால் கேட்டிருக்கிறான். காலைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று நம்பிவிட்டான்.

கண் மருத்துவர் கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். அது அவனை இன்னும் பயமுறுத்தியது. கண்ணில் இல்லையென்றால் தலையில்தானே? வண்டிச் சாவியை வெல்டாவிடம் கொடுத்துவிட்டான். பேரக் குழந்தையைத் தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். ஊன்றுகோலோடு என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்திருப்பான். நான் உரித்துக்கொண்டே பாட்டு முணுமுணுப்பேன். ஒரு நாள் மெதுவாகக் கேட்டான்.

"மிஸ் யூலா, நீங்க இப்ப பாடுனீங்களா?"

"பாடாம? என் பாட்டக் கேட்டுத்தான் அந்தத் தோலு சுருங்கிப் போச்சு."

"இல்ல, நெசமாவே பாடுனீங்களான்னு கேட்டேன்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நெசமாவே பாடினேன்டா ராசா என்றேன். தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை.

டோயல் அந்த நேரத்தில் பக்கத்து மேசையில் குழலை அலசிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது, மூட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் டோயல் தங்கை வீட்டுக்குச் செய்யாத வேலை கிடையாது. புல் வெட்டினான். படியில் ஏற முடியாதே என்று மரச் சரிவு ஒன்று அடித்துக் கொடுத்தான். கூரைத் தகரம் மாற்றினான். முதலை வால் கறியில் நல்ல துண்டெல்லாம் அங்கேதான் போகும். ஊரே மெச்சியது, இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று. ஹாய்ட் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்வான். அந்த நன்றியைக் கேட்டுவிட்டு வந்தால் டோயல் வீட்டில் சாப்பிட மாட்டானாம். செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம்.

"அதை முறைச்சுப் பாத்தா என்ன ஆவப்போவுது? அது போய் சொல்லுமா?" என்று ரேனெல் கேட்டிருக்கிறாள்.

"சொல்லிட்டா வெல்டா என் மூஞ்சியில முழிக்க மாட்டா."

"சொல்லலைன்னா உங்க மூஞ்சிய நீங்களே பாக்க மாட்டேங்கறீங்களே. தாடியக்கூட என்னைத்தான் மழிக்கச் சொல்றீங்க."

ஆகஸ்டில் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் வேட்டைக்காரர் சங்கம் சர்ச் கூடத்தில் ஒரு கூட்டம் போடும். புதிதாக அனுமதி வாங்கியவர்கள் வந்து கற்றுக்கொள்வார்கள், பழையவர்கள் சாப்பிட வருவார்கள். வறுத்த கெளுத்தி, பனங்குருத்துக் கூட்டு, சோளமாவு உருண்டை. கோலைப் பற்றிச் சொல்வது எப்போதும் டோயல்தான். அந்த வருஷம் தலைவர் ஹாய்ட்டையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார். வெல்டா டாம்பா நகரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள். படகை விற்றுவிடுவதாகவும் ஹாய்ட் சொல்லிவிட்டான். வாங்க வருகிற ஆள்கூட அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஹாய்ட் முதலில் பேசினான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினான். புதியவர்களில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோல் மேல தப்பு இல்ல. என் மச்சான் மேலயும் தப்பு இல்ல. அவசரத்துல கோலைக் கீழ வச்சாலும், தள்ளி நில்லுன்னு அவன் வாயில பின் இருந்துச்சு. நான் காலியா இருக்குன்னு பாத்தேன். அவன் பேசல, ஆனா அவன் பேசுன மாதிரி எனக்குக் கேட்டுச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. உங்களுக்கும் அந்த மாதிரி ஏதாவது தெரிஞ்சா, தயவு செஞ்சு படகுல ஏறாதீங்க. கூட வர்றவனைக் கொன்னுருவீங்க. நல்லவேளை, நான் என் கால்லயே வச்சிக்கிட்டேன்."

யாரோ கை தட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வெல்டா மடியில் இருந்த காகிதத் தட்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்து டோயல். வெற்றுக் கோலையும் மருந்தில்லாத தோட்டாவையும் எடுத்துக்கொண்டு வந்தான். முகம் சாம்பலாக இருந்தது. பேச்சு மட்டும் பழக்கத்தில் தானாக ஓடியது.

"முதலை கயித்துல மாட்டி, படகோட ஒட்டி வர்ற வரைக்கும் குழல் காலி. கரையிலயே தோட்டாவப் போட்டுக்கிட்டு வர்றவன் என் படகுல ஏறக்கூடாது. போடறதுக்கு முன்னாடி பின் குறுக்க இருக்கான்னு பாருங்க, விரலால தொட்டுப் பாருங்க. குழலோட வாய் எப்பவும் தண்ணியப் பாத்துத்தான் இருக்கணும். நெயில் பாலிஷ் உரிஞ்ச தோட்டாவ போடாதீங்க, நனைஞ்சது வெடிக்காம நின்னுட்டு, கையில எடுக்கும்போது வெடிக்கும். குழலத் திருகுங்க. சத்தமாச் சொல்லுங்க, கோல் உயிரோட இருக்குன்னு. அப்புறம் பின்ன உருவி..."

உருவினான். வலது கையில் கோல், இடது கையில் பின்.

"உருவி..."

"எங்க, கடிச்சுக் காட்டு டோயல்," என்றார் தலைவர். பின்வரிசையில் சிரித்தார்கள். வருஷா வருஷம் அவன் அதைக் கடித்துக்கொண்டு சைகையாலேயே மிச்ச வகுப்பை நடத்துவது ஒரு வேடிக்கை.

உதட்டில் வைத்துக்கொண்டு ஒப்பேற்றியிருக்கலாம். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். டோயல் ஹாய்ட்டைப் பார்த்தான். ஹாய்ட் முன்வரிசையில் இருந்து, குனிந்து, செருப்பின் வாரை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான். டோயல் கோலையும் பின்னையும் மேசையில் வைத்தான். வாய்க்குள் கையை விட்டு மேல்வரிசையைக் கழற்றி அவற்றின் பக்கத்தில் வைத்தான்.

அவன் ஏதோ சொன்னான். மேலுதடு உள்ளே விழுந்து, காற்றுதான் வந்தது.

"என்ன சொல்றான்?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

மறுபடி சொன்னான். மறுபடியும் புரியவில்லை. கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அட பாவி, பல்ல மாட்டிக்கிட்டுச் சொல்லுடா!" என்று கத்தினேன்.

மாட்டிக்கொண்டு சொன்னான். முதல் தடவை சொல்வதற்கே ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவன், மூன்றாம் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

"பின் என் வாயில இல்ல. சட்டைப் பையில இருந்துச்சு. கோல்ல திரும்பச் செருகாம நான்தான் கீழ வச்சேன். பல் போனது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு... மச்சான், நீ பாத்தது சரி. உன்கிட்ட ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன்."

ஹாய்ட் ஊன்றுகோலை எடுக்காமல் எழுந்துவிட்டான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். டோயலை அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். மனதுக்குள் தயாராகவும் இருந்தேன், தடுக்கக் கூடாது என்று.

"வாய் காலியா இருந்துச்சா?"

"காலிதான் மச்சான்."

"கத்துனியா?"

"கத்துனேன்."

"என்னன்னு? என்னன்னு கத்துனே?"

"கயித்த விடுன்னு."

"கயித்த விடு, அப்புறம் இன்னொரு தடவ கயித்த விடுடான்னு. டா போட்டுத்தானே?"

"டா போட்டுத்தான்."

ஹாய்ட் வெல்டாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த ஒளியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"கேட்டியா வெல்டா? டா போட்டுத்தான்! நான் பாத்தது சரியா இருந்துச்சு! நான் கேட்டது சரியா இருந்துச்சு!"

வெல்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு தலைவரிடம் போய்ச் சொன்னான், எல்லாவற்றையும் கூடவே இருந்து கேட்டவரிடம். படகு வாங்க வந்தவனிடம் சொன்னான், அவன் யாரென்றுகூட யோசிக்காமல். அரைப் பாதத்தோடு நொண்டி நொண்டி வரிசை வரிசையாகப் போனான். "என் தலைக்கு ஒண்ணும் இல்லையாம், கேட்டீங்களா?" என்னிடம் வந்து என் கையைக் குலுக்கினான். நான் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தேன், அவனுக்கு வயது அறுபதுக்கு மேல் என்றாலும்.

டோயலை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோபத்தினால் அல்ல. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு டோயல் நினைவுக்கே வரவில்லை.

வெல்டாதான் அண்ணனிடம் போனாள். குரலை உயர்த்தவில்லை.

"ராத்திரியில அவரு மூச்சு விடறாரா, எழுந்து எங்கயாவது போயிட்டாரான்னு பாத்துப் பாத்து நான் தூங்கலண்ணே. நீ வந்து புல் வெட்டிக்கிட்டிருந்தே."

அவள் போய்விட்டாள். டோயல் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரேனெல் அவன் பக்கம் வரத் தொடங்கி, எதற்கோ நின்றுவிட்டாள். கடைசியில் நான்தான் போனேன். கூடத்தின் அந்தக் கோடியில் ஹாய்ட் யாரிடமோ மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான், கையை வாயருகே வைத்துக் கத்திக் காட்டிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு அறை விட்டிருக்கலாம் மிஸ் யூலா," என்றான் டோயல். "எல்லாத்துக்கும் தயாராத்தான் வந்தேன். இதுக்குத் தயாரா வரல. பாருங்க அவனை. இவ்வளவு சந்தோஷத்தையா நான் ஒரு வருஷம் எடுத்து வச்சிருந்தேன்?"

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனை நானே அறையலாம் என்றும் இருந்தது.

"அறைவான், இருடா," என்றேன். "முதல்ல அவன் சந்தோஷப்பட்டு முடிக்கட்டும்."

டோயல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.